மொட்டை போடாமல் வந்தவன்

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு யாரும் மனு போடுவதில்லை. ஊரை விட்டுப் போகாதவன் தலையில் அது தானாக வந்து விழும். விழுந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன்

அண்ணன் குவைத்துக்குப் போனபின் சித்தூர் வீட்டில் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும்தான். பக்கவாதத்தில் அவருக்கு ஒரு கை, ஒரு கால் விளங்கவில்லை. இரண்டு வருஷம் வாசலைத் தாண்டாமல் கிடந்ததில் எனக்குப் பித்துப் பிடித்துவிடும் போலிருந்தது. அண்ணன் போன் செய்தபோது, மாதம் ஒரு நாளாவது எனக்கு ஓய்வு வேண்டும் என்றேன். "வீட்லயே தானடா இருக்கிற, ஓய்வு எதுக்கு?"

அத்தையின் மனமாற்றம்

அடுத்த தெருவில் நைனாவின் தங்கை இருந்தாள். ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "எங்கண்ணன படுக்கையில உட்டுட்டு ஊர் சுத்தக் கேக்குதா உனுக்கு?" என்றாள்.

சாமிக்கென்றால்தான் எங்கள் ஊரில் லீவு கிடைக்கும் என்பது அப்போது உறைத்தது. ஒரு வாரம் பொறுத்து, திருமலையில் மொட்டை வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? போய்ட்டு வா, நான் பாத்துக்கினு இருக்கேன்."

அறை எண் ஆறு

மலை ஏறவில்லை. கீழே திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக் கதவைத் தாழிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே. பத்து மணி என்றால் மாத்திரை ஞாபகம், பன்னிரண்டு என்றால் கஞ்சி. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். தண்ணீரோடு எழுந்து பாதி தூரம் போய்விட்டேன். வீட்டுக்குப் போன் செய்ய எதிரே இருந்த பூத்துக்கு ஓடினேன். சாயங்காலத்துக்குள் நாலு தடவை. பூத்துக்காரர் பொறுத்துப் பார்த்துச் சொன்னார்: "ரூம காலி பண்ணிட்டு இங்கயே பாய் போட்டுக்க சாமி."

தலையில் முடி

மறுநாள் வாசலில் நின்ற அத்தை என் தலையைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது: மொட்டைக்குப் போனவன் முழு முடியோடு வந்து நிற்கிறேன். சாமி பேரில் பொய் சொன்னவன் வீட்டு வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கிடைத்த ஒரே லீவும் போயிற்று.

நைனா கூப்பிட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் மேல் வெறுப்பில்லை, ஆனால் மாதம் ஒரு நாளாவது போகாவிட்டால் வெறுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அவர் குழறிக் குழறிச் சொன்னார்: "பத்து நிமிசத்துக்கு ஒருதபா மூக்காண்ட கைய வச்சி மூச்சு பாக்கிற. நேத்துதான்டா நிம்மதியா தூங்கினேன். மாசாமாசம் போ, உங்கத்தைகிட்ட நான் சொல்றேன்."

குவைத்திடமும் அத்தையிடமும் ஏழுமலையானிடமும் கேட்ட லீவை, கட்டிலில் படுத்திருந்த முதலாளியிடம் கேட்க மட்டும் எனக்கு இரண்டு வருஷமாகத் தோன்றவேயில்லை.