முடியாது என்று துருக்கியில் சொன்ன நாள்

2008-இல் எனக்குத் துருக்கி மொழி தெரியும் என்று பரங்கிப்பேட்டையில் ஒருவர் நம்பினார். காரணம் நான்தான். சிதம்பரத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய துருக்கி இலக்கணத்தில் பாதியைப் படித்துவிட்டு, முழுவதையும் பற்றிப் பேசியிருந்தேன்.

நம்பியவர் என் நண்பர், வெல்டர். வளைகுடாவில் ஒரு துருக்கிக்காரக் கட்டுமானக் கம்பெனி ஆள் எடுத்தது. ஃபோர்மேன் போனில் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார். அவருக்கு ஆங்கிலம் வராது. ஏஜெண்ட் சொன்ன நேரத்துக்கு நண்பர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். செல்போன் ஸ்பீக்கரில் இருந்தது. உள்வாசலில் அவர் மனைவி.

பெயர், வயது, அனுபவம். தப்பித்தேன். பிறகு ஃபோர்மேன் கேட்டார்: "யூக்செக்தே சாலஷாபிலிர் மி?" உயரத்தில் வேலை செய்ய முடியுமா?

இரண்டு வருஷம் முன் கடலூரில் சாரத்திலிருந்து விழுந்தவர் நண்பர். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் கண் இருட்டும். கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"முடியும்னு சொல்லு மச்சான். அங்க போயி பாத்துக்கலாம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்போம்.

துருக்கி மொழியில் அப்படி ஒளிய இடமில்லை. 'சாலஷ்மாஸ்' என்றால் வேலை செய்ய மாட்டார். நடுவில் ஓர் ஆகாரம் நுழைந்து 'சாலஷாமாஸ்' ஆனால், செய்ய முடியாது. தமிழைப்போல 'என்னால்', 'அவரால்' என்று தள்ளி நிற்கும் வசதி கிடையாது. இயலாமை வினையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். 'முடியும்' சுலபம். அவர் கேள்வியிலிருந்து கடைசிச் சொல்லைக் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். பாதிப் புத்தகக்காரனுக்கு ஏற்ற பொய்.

"அண்ணே," என்றார் நண்பர் மனைவி, தாழ்ந்த குரலில். "அங்க உழுந்தா யாரு தூக்குவா?"

போனில், "அலோ?"

"சாலஷாமாஸ்," என்றேன். 'மாட்டார்' என்ற பொருளுக்குள் விழுந்துவிடக் கூடாது என்று ஆகாரத்தை ஆலாபனைபோல இழுத்தேன். நண்பர் முகத்தைப் பார்க்காமல் அவசரமாகச் சேர்த்தேன்: "யெர்தே சாலஷாபிலிர்." தரையில் முடியும்.

பேப்பர் புரட்டும் சத்தம். "தமாம்," என்றார். லைன் போய்விட்டது. தமாம் என்றால் சரி. எது சரி என்று புத்தகத்தில் இல்லை.

பத்து நாள் நண்பர் என் போனை எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார். விசா வந்துவிட்டதாம், தரையில் குழாய் வெல்டிங்.

"ஏம் மச்சான், அம்மாம் பெரிய பொஸ்தகம் படிச்சு, எனக்கு முடியாதுங்கறத மட்டுந்தான் ஒழுங்கா சொன்ன," என்றார்.