மாத்திரை கேட்ட மன்னிப்பு

கை நடுங்குகிறது என்று டாக்டரிடம் போனார் பேருந்து நிலையத்து டைம் கீப்பர். பேனாவைப் பிடித்தால் எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி போகிறது என்றார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இளஞ்சிவப்பு, சட்டைப் பொத்தான் அளவு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பத்து நாளில் நடுக்கம் நின்றது. கூடவே, யாரும் நிறுத்தச் சொல்லாத இன்னொன்றும் நின்றது. அவருடைய கடுகடுப்பு.

ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'செகண்டு'. ஆறடிக்கு ஆறடி இருக்கும் கம்பிக் கூண்டில், சுவரில் ஒரு கடிகாரம், மணிக்கட்டில் ஒரு கடிகாரம், ஒன்றின் மேல் ஒன்றுக்கு நம்பிக்கை இல்லாமல் இரண்டையும் ஓட விட்டு, கழுத்தில் விசிலோடு இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். நேரம் வந்தால் ஊதுவார். வண்டி போயாக வேண்டும். "ஒரு கால் படியில வெச்சுட்டேன் சார்" என்று கெஞ்சிய ஒருவரிடம், "அப்ப அது மட்டும் போகட்டும்" என்று சொன்ன ஆள்.

மாத்திரைக்குப் பின் அவருடைய மத்தியானங்கள் நீளமாயின. ஹாரன் சத்தம் பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. பிளாட்பாரத்துக் குட்டையில் சிந்திய டீசல் மேல் ஊதாவும் பச்சையுமாக ஒரு நிறம் மெதுவாகத் திரும்பிப் படுப்பதை முதல் முறையாகப் பார்த்தார். வண்டிகள் உறுமுவது தாலாட்டாகக் கேட்டது. கை விசிலை எடுக்கும். உதடு வரை போகும். அங்கே என்னவோ மறந்துபோனது மாதிரி நின்றுவிடும். இரண்டு பையோடு ஓடி வந்த ஒரு பெண்ணைப் பார்த்துக் கூண்டுக்குள்ளிருந்து, "அவசரமே இல்லம்மா, மூச்சு வாங்கிட்டு ஏறுங்க" என்றார். உள்ளே இருப்பது வேறு ஆளா என்று ஓட்டுநர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா சார்?"

"இப்பத்தான்ப்பா சரியாயிருக்கு."

புறப்பாட்டுப் பதிவேட்டில் 'சுமார் நாலு' என்று எழுத ஆரம்பித்தார். ஒரு நாள் 'வெயில் தாழ்ந்ததும்' என்று எழுதினார். இன்னொரு நாள் 'எல்லோரும் ஏறியதும்'. தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சொந்தக்காரர் கடிதத்தைப் படிப்பது போல இரண்டு முறை படித்து, பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி தனியாக டாக்டரைப் பார்க்கப் போனாள்.

"டாக்டர், மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் குடுக்க முடியுமா?"

"ஏன், கை இன்னும் நடுங்குதா?"

"கையெல்லாம் நின்னுடுச்சு. நேத்து, 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டார். பதினெட்டு வருஷத்துல முதல் தடவ. அது நின்னுடக் கூடாதேன்னுதான்."

டாக்டர் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தார். வாய் உலர்தல், தலைச்சுற்றல், பகலில் தூக்கக் கலக்கம், சிலருக்குச் சுபாவ மாற்றம். "சுபாவம் மாறும்னு போட்டிருக்கும்மா. எந்தப் பக்கமா மாறும்னு போடல" என்றார்.

ஒரு மனிதன் செய்வதை உண்மையில் அவன்தான் செய்கிறானா, அல்லது அவன் ரத்தமும் நரம்பும் சேர்ந்து செய்துவிட்டு அவன் பெயரைப் போட்டுவிடுகின்றனவா என்று அறிஞர்கள் மெத்தை வைத்த நாற்காலிகளில் அமர்ந்து வெகு காலமாக ஆராய்கிறார்கள். முடிவு வரவில்லை, நாற்காலி வசதியாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பேருந்து நிலையத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. பொத்தான் அளவு மாத்திரை ஒரு மனிதனை நல்லவனாக்கினால் அந்த நல்லது யாருடையது என்று எந்தப் பயணியும் கேட்கவில்லை. வண்டி நின்றால் ஏறிக்கொண்டார்கள். கேட்டது ஒரே ஒருத்தி. அவருடைய அக்கா.

அக்கா அவரோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அப்போது அம்மா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மோசமாகிவிட்டது, உடனே வா என்று செய்தி வந்ததும், நாலு பத்து வண்டியைப் பிடிக்க அக்கா ஓடி வந்தாள். கூண்டுக்குள் தம்பி. தூரத்திலேயே கையைக் காட்டினாள். தம்பி விசில் ஊதினார். வண்டி போய்விட்டது. அடுத்தது ஆறு மணிக்கு. அக்கா போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. பணி முடிந்து போகலாம் என்றிருந்த தம்பியும் அன்று அம்மாவை உயிரோடு பார்க்கவில்லை. "நாலு பத்து வண்டின்னா நாலு பத்துக்குப் போகணும்" என்று அவர் சொன்னதாக அக்காவுக்குத் தகவல் வந்தது. அன்றோடு சரி.

பஞ்சுக்குள் மிதந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டைம் கீப்பர் அக்கா வீட்டுக்குப் போனார். தெரு அவரைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அக்கா வீட்டு முன்னறையில்தான் அவளுடைய வேலை. தையல் கடைகளிலிருந்து வரும் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள். பொத்தான் நுழைய வழியில்லாத சட்டைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் நூல் தூசு, இறங்க மனமில்லாமல் மிதந்தது. கதவைத் திறந்தது மாமா. அக்காவின் கணவர், ஓய்வு பெற்ற தபால்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நல்லது கெட்டதுகளைச் சுமந்து, ஓய்வுக்குப் பிறகும் தபால் வேலையை விட முடியாதவர்.

"வா மாப்ளே. வழி தெரிஞ்சு வந்தியா, தவறி வந்தியா?"

மிஷின் நிற்கவில்லை. "யாருங்க அது?" என்றாள் அக்கா.

"உன் தம்பி."

"எனக்குத் தம்பி இருக்கான்னு நீங்கதான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கீங்க."

அவர் சட்டைக் குவியல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண்ணீர் சிரமமில்லாமல் வந்தது. "அக்கா, என்னை மன்னிச்சிடு. அன்னிக்கு நான் நானா இல்ல. என் ரத்தத்துலயே ஏதோ குறைச்சலாம். இப்ப மாத்திரையில அது சரியாயிடுச்சு."

மிஷின் நின்றது.

"அது குறையாம இருந்திருந்தா வண்டிய நிறுத்தியிருப்பியா?"

"கண்டிப்பா நிறுத்தியிருப்பேன்க்கா. இப்பல்லாம் எல்லாருக்கும் நிறுத்தறேன். நேத்து ஒரு நாய்க்கு நிறுத்தினேன்."

மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப அன்னிக்கு நடந்தது யார் தப்பும் இல்ல?"

"யார் தப்புமே இல்லக்கா" என்றார் அவர், பரிசு கொண்டுவந்து கையில் வைப்பது போல.

அக்காவின் முகம் வெளிறியது. காரணம் மாமாவுக்குக்கூடத் தெரியாது. அன்று அவள் வீட்டை விட்டுக் கிளம்பியது நேரத்தோடுதான். ஆனால் கிளம்புவதற்கு முன், கசங்கிய துணியோடு போனால் அம்மாவுக்குப் பிடிக்காதே என்று புடவைக்கு இஸ்திரி போட்டாள். பாதித் தெரு வந்த பிறகு, இஸ்திரிப்பெட்டியை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போனாள். அணைத்துத்தான் இருந்தது. அப்படிப் போய்த் திரும்பியதில் கழிந்த நிமிஷங்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தம்பி மேல் கோபம் இருந்த வரை சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. விசில் ஊதியவன் ஒருவன் இருந்தான். அவனைத் திட்டிக்கொண்டே தூங்கிவிடலாம். இப்போது அவன் வந்து, ஊதியது நானில்லை, ரத்தம் என்கிறான். அவன் நகர்ந்துவிட்டால் அந்த இடத்தில் மிச்சம் நிற்பது அவள் ஒருத்திதான்.

"இப்ப மன்னிப்பு கேக்கறது நீயா, அந்த மாத்திரையா?" என்று கேட்டாள்.

அவர் நேர்மையாக யோசித்தார். தூசு மிதப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியலையேக்கா."

"தெரிஞ்சுக்கிட்டு வா. அதை நிறுத்திட்டு வந்து கேளு. மாத்திரை கேட்டா மாத்திரையைத்தான் என்னால மன்னிக்க முடியும்."

"ஏம்மா, இப்பத்தான் மனுஷன் பார்க்கிற மாதிரி இருக்கான்" என்றார் மாமா.

"எனக்கு அவன் பார்க்கிற மாதிரி இருக்க வேணாம். அவனா இருக்கட்டும்."

அவர் போய்க் கேட்டதும் டாக்டர், குறைத்துக் குறைத்து நிறுத்த வழி சொல்லி, ஒரு வாரம் போதும், கை ஆடும், பிறகு மறுபடி தொடங்கிவிட வேண்டும் என்றார். மனைவிதான் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்கக்காவோட ஒரு மன்னிப்புக்காக இந்த மனுஷன அனுப்பிட்டு, பழைய ஆள நான் வீட்டுக்குள்ள சேர்க்கணுமா?" என்றாள். அவர் அவள் தலையைத் தடவி, "ஒரு வாரம்தான், பொறுத்துக்கோ" என்றார். மிதந்த மனிதர் கடைசியாகச் சொன்ன இனிமையான வாக்கியம் அது.

மூன்றாம் நாள் ஹாரன்களுக்குப் பல் முளைத்தது. நாலாம் நாள் குட்டையில் இருந்தது வெறும் டீசல். ஐந்தாம் நாள் பதிவேட்டில் 'சுமார்' போய், நடுங்கும் எழுத்தில் 10.42 வந்தது. ஆறாம் நாள் ஒரு பெரியவர் மூட்டையோடு ஓடி வர, விசில் ஊதப்பட்டது. பெரியவர் புழுதிக்குள் நின்றுபோனார். டைம் கீப்பர் தன் நெஞ்சுக்குள் பார்த்தார். ஒன்றும் உறுத்தவில்லை. நேரம் ஆனது, ஊதினோம், துடைத்த கண்ணாடி போலச் சுத்தம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: பதினோரு வருஷத்துக்கு முன் நாலு பத்து வண்டிக்கு ஊதிய பிறகு நெஞ்சு இப்படிச் சுத்தமாக இருக்கவில்லை. அன்று வேறு ஏதோ நடந்தது. மாத்திரைத் தூக்கத்தில் அது கரைந்துபோயிருந்தது. இப்போது நாக்கில் இரும்பு மாதிரி வந்து நின்றது.

மறுநாள் அக்கா வீட்டுக் கதவை அவர் தட்டிய தட்டிலேயே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "பழைய சரக்கு மாதிரி இருக்கே மாப்ளே."

"வழிய விடுங்க மாமா. வாசல்லயே நின்னு எடை போடாதீங்க."

முன்னறையில் நின்றார். உட்காரவில்லை. வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் பிடித்தார்.

"மன்னிப்பெல்லாம் கேக்க வரல" என்றார். "ஒரு வாரமாத் தேடிப் பார்த்துட்டேன், வருத்தம்னு ஒண்ணு கிடைக்கல. உன் மூஞ்சியப் பார்த்தா எரிச்சல்தான் வருது."

"வரட்டும். வேற?"

"நாலு பத்து வண்டிய நாலு ஒம்போதுக்கு அனுப்பினேன்."

மாமா கதவைச் சாத்த மறந்து நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, நேரத்துக்கு முன்னால் போயிருக்கிறது.

"நீ பழக்கடையத் தாண்டி ஓடி வந்தே. கையக் காட்டினே. ரெண்டு கடிகாரத்தையும் பார்த்தேன். முழுசா ஒரு நிமிஷம் இருந்துச்சு. நின்னிருந்தா ஏறியிருப்பே. ஊதிட்டு, பதிவேட்டுல நாலு பத்துன்னு எழுதிட்டேன்."

அக்கா அவரையே பார்த்தாள். "ஏன்?"

"முந்தின நாள் சாயங்காலம் அம்மா பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். மூணு தடவ கண்ணத் தொறந்தா. மூணு தடவையும், 'அவ வரலையா'ன்னா. நான் வந்திருக்கேன்மான்னு சொன்னேன். கண்ண மூடிக்கிட்டா." கை அடங்கவில்லை. "அம்மா அன்னிக்கே போயிடுவான்னு தெரியாது. உன்னை ஒரு ரெண்டு மணி நேரம் காக்க வைக்கணும்னுதான் நினைச்சேன்."

"ரத்தத்துல குறைச்சல்னு சொன்னியே."

"இருக்கட்டும். அது கைய ஆட்டும். இதுல அது வராது. ஊதாம இருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. தோணின பிறகுதான் ஊதினேன். அது நான்தான்."

அறையில் வெளிச்சம் ஆடாமல் நின்றது. அக்கா மடியிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் அன்னிக்கு இஸ்திரிப்பெட்டிய அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பிப் போனேன்டா" என்றாள். சொல்லும்போது குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அதனாலதான் வண்டி போச்சோன்னு..."

"என்ன பேசற?" என்றார் டைம் கீப்பர், வேலையில் குற்றம் சொன்னது போல முகம் சிவந்து. "நாலு ஒம்போதுக்கு நீ பழக்கடைகிட்ட. அங்கருந்து பிளாட்பாரத்துக்கு முப்பது செகண்டு. திரும்பிப் போனியோ, சுத்திப் போனியோ, அது எனக்குத் தெரியாது. நீ நேரத்துக்குத்தான் வந்தே."

அக்கா அழுதாள். அழுத்தி மூடியிருந்த ஜாடி மூடி திறந்துகொண்டது போல முதலில் ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லாமல். மாமா தண்ணீர் கொண்டு வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்தார்.

"அப்ப மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார் மாமா.

"இல்ல" என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மன்னிக்கிறதுக்கு இப்பத்தான் ஒரு ஆள் கிடைச்சிருக்கான். நாள் பிடிக்கும்." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "நாளையிலருந்து மாத்திரையப் போடு. உன் பொண்டாட்டி பாவம், அங்க வீட்டுல தனியா மாட்டிக்கிட்டிருப்பா."

"போட்டா மறுபடி அழுதுகிட்டு வந்து நிப்பேன். உளறுவேன்."

"வா. அவன் வந்தா மாமாகிட்ட உக்கார வைக்கறேன், ரெண்டு பேரும் நாய்க்கதை பேசிட்டிருக்கட்டும். எப்பவாவது விசில் ஊதின இவன் வந்தா மட்டும் நேரா எங்கிட்ட வரச் சொல்லு."