ஓரம் குறைந்த ஐந்து ரூபாய்

ஊர்காவற்றுறைப் பேருந்தில் கொண்டக்டராக ஓடிய காலத்தில் பிடித்த பைத்தியம் இது. பிழையாக அச்சடிக்கப்பட்ட நாணயங்களைத் தேடிச் சேர்க்கிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, அப்படியான காசுகள் இலட்சக்கணக்கில் போகும் என்று கைபேசியில் எவனோ சொல்லிவைக்க, நாரந்தனையில் பாதி ஊர் என் வாசலுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவை எல்லாம் குப்பை. உப்புக்காற்றில் பூச்சு கொப்பளித்த காசு, உழவு இயந்திரச் சில்லில் நசுங்கிய காசு. கீறல் பள்ளமாக இருந்தால் பிறகு பட்ட காயம், காசை அடிக்கும் அச்சு வெடித்திருந்தால் கோடு மேலே தூக்கி நிற்கும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். விலையைக் குறைத்து நானே அமுக்கப் பார்க்கிறேன் என்று கதைத்தார்கள்.

அதனால் பக்கத்து வீட்டுக்காரி ஓர் ஐந்து ரூபாயை நீட்டியபோது நான் கையில் வாங்கக்கூட இல்லை.

"பழுதுதான், தங்கச்சி. ஆரோ ஓரத்தை வெட்டியிருக்கினம்."

அவள் முகம் கறுத்துவிட்டது. அவளுக்கு விலை தேவையில்லை. மகள் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் கட்டிச் சாமிப் படத்தடியில் வைத்த காசு அது. மகள் சுகமாகிவிட்டாள். மறுநாள் கோயில் உண்டியலில் போடவென்று அன்று அவிழ்த்துக் கழுவியபோதுதான் ஓரத்தில் நகமளவு இல்லாததைக் கண்டிருக்கிறாள்.

"கட்டேக்கை பதட்டத்திலை கவனிக்கேல்லை அண்ணை. உடைஞ்ச காசை அம்மாளுக்குப் போட ஏலாது, வேறை மாத்தலாம். ஆனா குறையான காசை வைச்சு நேர்ந்தனானெண்டால், பிள்ளைக்குத் திரும்ப வந்திடுமோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். குறைந்த இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மங்கிக் கிடந்தது. தகட்டிலேயே துண்டு குறைந்திருந்தால், அச்சு விழும்போது எதிர்ப்பக்க விளிம்பு சரியாக எழும்பாது. பிறகு அரத்தால் அராவுகிறவனால் இதைச் செய்ய முடியாது. இருபது வருடமாக நான் தேடியது என் உள்ளங்கையில் இருந்தது.

ஆசை வந்தது. அதை மறைப்பானேன்? பழுது என்று ஏற்கனவே சொல்லியாயிற்று. வாயை மூடிக்கொண்டு ஒரு புதுக் காசைக் கொடுத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பாள். இது என் அலுமாரிக்கு வந்திருக்கும். அவள் மட்டும் மகளுக்கு உடம்பு சுடும்போதெல்லாம் பயந்து நடுங்கியிருப்பாள்.

"நான் பாக்காமல் சொல்லிப்போட்டன்," என்றேன். "இது உடையேல்லை. செய்யேக்கையே இப்பிடித்தான் வந்தது. சேக்கிற ஆக்கள் நல்ல விலை தருவினம். நானே வாங்குவன்."

"செய்யேக்கையே இப்பிடியோ?"

"ஓம்."

"அப்ப குறையில்லை."

விலையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. காசை எடுத்துத் துணியில் திரும்பக் கட்டினாள். "நாளைக்கு நீங்களும் வாங்கோ அண்ணை," என்றாள்.

போனேன். படகில் வழிநெடுக அந்த முடிச்சு அவள் மடியில் இருந்தது. கோயிலில் காசை மகளின் கையில் கொடுத்துப் போடவைத்தாள். அது உள்ளே விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. தாயும் மகளும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கும்பிடக் கை எழும்பாமல் உண்டியலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.