அமாவாசையன்று அங்கிருந்து பார்த்தால்

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான்தான். தணிகாசலம் வாத்தியாரைத் திருவள்ளூரை விட்டு விரட்டியது குளக்கரையில் தர்ப்பணம் பண்ணி வைத்துப் பிழைக்கிற இந்தக் கைதான்.

என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் எதிரே உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விடப்போவதில்லை என்கிற தைரியம்தான்!

சந்திரனில் மனிதன் கால் வைத்த வருஷம் அது. ஊரே ரேடியோவைச் சுற்றி நின்றது. நான் நம்பவில்லை. பால்காரன் பால் ஊற்றும்போது பாலைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்க்கிறவன் நான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை வரப்போகிறது, வயலில் சங்கிலி போட்டு அளக்கிறார்கள் என்று பேச்சு. முதலில் அளப்பான், கொடி நடுவான், அப்புறம் இருக்கிறவனை எழுந்திருக்கச் சொல்வான். சந்திரனிலும் அதைத்தானே செய்யப்போகிறார்கள்? அங்கே இருப்பது யார்? நம் பித்ருக்கள்!

சிரிக்காதீர்கள். அங்கே போய்க் குடியேறியவனுக்கு அப்பன் செத்தால், அவனுக்கு எது தெற்கு? எள்ளோடு விடத் தண்ணீர் ஏது? இந்தக் கேள்விகளோடு எத்தனை நாள் புரண்டேன் தெரியுமா...

தணிகாசலம் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். கடம்பத்தூர் விவசாயக் குடும்பம். நடக்க முடியாத தாயாரோடு எங்கள் ஊரில் குடியிருந்தார். அமாவாசை தவறாமல் வந்து, தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு, தாயாரின் கால் குணமாக வேண்டுமென்று குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

'மனிதன் வேறு கிரகத்தில் குடியேறலாமா?' என்று பள்ளியில் பட்டிமன்றம் வைத்தாராம். ஆடி அமாவாசையன்று அவர் விரலில் பவித்திரத்தை மாட்டும்போது, உங்கள் தீர்ப்பு என்ன என்று கேட்டேன்.

"போலாம் சாமி. ஆனா திரும்பி வர வழி தெரிஞ்சுக்கினு போவணும்" என்றார். பிறகு உற்சாகமாக, "ஒண்ணு தெரியுமா? நம்ம அமாவாசை அங்க கிடையாது" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் அடுத்த குடும்பம் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஒருவரிடமே நின்று பேச முடியுமா? எழுந்து போய்விட்டேன். பாதி வாக்கியம் மட்டும் என்னோடு வந்தது.

அமாவாசை கிடையாதாம்!... இவர் சொல்வதைப் பிள்ளைகள் நம்பினால்? நாளைக்கு இந்தக் கரையில் யார் வந்து உட்காருவார்கள்? தர்மத்துக்காகக் கொதித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். தட்டில் விழுகிற அரிசிக்கும் வாழைக்காய்க்கும் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கல்வி அதிகாரிக்கு இடது கையால் எழுதினேன். 'பெற்றோர்கள்' என்று முடித்தேன். அதில் ஒரு வரி இது: 'இருட்டிய பிறகு மாணவர்களை மைதானத்தில் கூட்டி வைத்துக்கொள்கிறார்; நோக்கம் என்னவோ.' அவர் சந்திரனைக் காட்டத்தான் கூட்டினார். எனக்கு அது தெரியும். மதிலோரம் நின்று பார்த்திருக்கிறேன்! அந்த வரியில் பொய் என்று ஒரு சொல்லைக் காட்ட முடியாது. அப்படிப் பார்த்துப் பார்த்து எழுதினேன், பாவி.

விசாரணை நடக்கவில்லை. தலைவலி வேண்டாம் என்று அவரைக் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். தாயார் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வேறு கிரகத்தைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்தவரால் பெற்றவளைக் கும்மிடிப்பூண்டிக்கு அழைத்துப் போக முடியவில்லை. சனிக்கிழமைதோறும் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி வருவார்.

அவள் கண்ணை மூடியது ஒரு புதன்கிழமை. கடைசி வரை, "பஸ்சு வந்துட்சா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவர் வந்து சேர்ந்தபோது உடம்பு விறைத்திருந்தது. பெற்ற பிள்ளை கையால் அவள் வாயில் ஒரு வாய்த் தண்ணீர் விழவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை நான்தான் செய்து வைத்தேன். என் குரல் நடுங்கவில்லை... அதைச் சொல்லத்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த அமாவாசைக்கு வந்தார். தாயாரின் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தண்ணீர் விட்டார். முடிந்ததும் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எழுந்து போய்ட்டீங்க சாமி. நம்ம அமாவாசையன்னிக்கு அங்கேர்ந்து பார்த்தா பூமி பௌர்ணமி மாதிரி முழுசாத் தெரியும். பெரியவங்க தெரிஞ்சுதான் இந்த நாளை வெச்சுக்கிறாங்க. எங்கம்மா இப்ப பார்த்துக்கினு இருக்கும். என்னையும் பார்க்கும், உங்களையும் பார்க்கும்."

இதையா அன்று சொல்ல வந்தார்? இன்னும் அரை நிமிஷம் நான் உட்கார்ந்திருக்கக் கூடாதா!

அது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்னும் வருகிறார். கரையில் எத்தனையோ புரோகிதர்கள் இருக்க, என் எதிரில்தான் வந்து உட்காருகிறார். தெரியாமல் வருகிறாரா? தெரிந்தேதான் வருகிறாரா? அவர் முகத்தை உற்று உற்றுப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை. மாதம் தவறாமல் 'முனியம்மாள்' என்கிற பெயரை நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்கிறார்.

போன மாதம் நான் உட்காருகிற இடத்துக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டேன். வெயிலுக்காக என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.