அடுக்களை அவருக்கு, ஸ்கூட்டர் எனக்கு

என் கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். முழங்கால் வலி தாங்காமல் ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மகள் வேலை கிடைத்து கோயம்புத்தூர் போயிருந்தாள். இனி நாங்கள் இருவர்தான் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வந்த வேகத்தில் அடுக்களையை அவர் எடுத்துக்கொண்டார். மசாலா டப்பாக்கள் இடம் மாறின. சீலா மீன் குழம்புக்கு நான் தேங்காய் அதிகம் அரைப்பதாகச் சொல்லி, அவரே வைத்தார். குழம்பு நன்றாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம். அவர் இல்லாத காலத்தில் இந்த வீட்டைக் கட்டி முடித்ததும், பிள்ளையைப் படிக்க வைத்ததும், முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்கு ஸ்கூட்டரில் அலைந்ததும் நான். இப்போது வேலையில்லாமல் வாசலில் நின்றேன்.

ஒருநாள் தாங்காமல் அழுதுவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏளா, எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் விட்டுட்டா நம்ம வீட்டுலயே நான் விருந்தாளி மாதிரில்லா இருப்பேன்."

அவருக்கும் என் தவிப்புதான் என்று அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு அடுக்களைப் பக்கம் நான் அதிகம் போகவில்லை.

எதிர்வீட்டுக்காரி கணவனை இழந்தவள், என் வயதுதான். ஆஸ்பத்திரிக்குக்கூட மகனுக்காகக் காத்திருப்பாள். அவள் ஒரு சாயங்காலம் வந்தாள்.

"மயினி, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவியளா? சிரிக்காதிய."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் லாரி வராத உப்பளத்து ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். முன்சக்கரத்தையே பார்த்து ஓட்டி, பின்னால் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்து வண்டியோடு சேற்றில் இறக்கினாள். இருவரும் சேலையெல்லாம் சேறாகிச் சிரித்தோம். அப்படிச் சிரித்து எனக்கு எவ்வளவோ காலமாகியிருந்தது. நான் பொறுமைசாலி என்பதே அவளுக்குக் கற்றுக்கொடுக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. மழைக்காலத்துக்குள் தனியாகவே டவுனுக்குப் போய்வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

போன மாதம் புதிதாக ஒரு பெண், வண்டி கற்றுக்கொடுக்கிற அக்கா வீடு இதுதானா என்று வாசலில் கேட்டாள். அதுவரை தெருவில் நான் கப்பல்காரர் வீட்டம்மா. தலை துவட்டிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, என் கணவர் அவளை உட்காரவைத்து டீ கொடுத்து, "எங்க வீட்டுக்காரிகிட்ட கத்துக்கிட்ட யாருமே இதுவரைக்கும் பெருசா விழுந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.