கிழக்குச் சன்னல்

அழகர் பாஸ் கட்டிய சுவர் எதுவும் கோணியதில்லை. அதற்கு மேல் அவரைப் புகழ அதிகமில்லை. இலங்கை மலைநாட்டில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொத்து வேலை பார்த்து, மேஸ்திரிக்குரிய ‘பாஸ்’ பட்டம் பெற்ற அந்த மனிதர், ஒரேயொரு விஷயத்தைச் சொந்தப் புத்தியால் கண்டுபிடித்தார். அது வீணாய்ப் போனதில் பாதிப் பழி அவருடையதுதான்.

தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயங்களுக்கெல்லாம் வாசல் மேற்கே, ரோட்டைப் பார்த்து இருந்தது. விடியற்காலையில் கங்காணி ரோட்டில் நடந்தபடியே, ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இன்னும் யார் கிளம்பவில்லை என்று கண்டுகொள்ள அதுதான் வசதி. வெயில் வரும் கிழக்கே வெறும் சுவர். அதனால் அறைகளில் எந்நேரமும் ஈரம். கொழுந்து பறித்து நனைந்து வரும் பெண்கள் கம்பளியை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். சோறாக்க மூன்று கட்டை என்றால் கம்பளி காய ஏழு கட்டை. புகை கூரையில் முட்டித் திரும்பி நெஞ்சுக்குள் இறங்கும். அவர் மனைவி இராக்கம்மா பத்து வருடமாக இருமிக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு விறகுக்கு மலையேறுபவளும் அவள்தான். காடோ வருடத்துக்கு வருடம் மேலே மேலே விலகிப் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் பன்னிரண்டு அறைகளோடு புது லயம் கட்ட உத்தரவு வந்தது. வாசலை வெயில் வரும் கிழக்கே வைக்கலாமா என்று கேட்டு, அழகர் மூன்று தடவை தோட்ட நிர்வாகியான துரையின் ஆபீசு வாசலில் போய் நின்றார். வாசலைத் திருப்பவே கூடாது என்றார் துரை. வேண்டுமானால் பின்சுவரில் சன்னல் வைத்துக்கொள், செலவு கூடக் கூடாது என்றார்.

அழகருக்கு அது போதும். கழித்துப் போட்ட மரச்சட்டங்களைக் கெஞ்சி வாங்கினார். கருங்கல் சுவரைத் தடிப்பாக எழுப்பினார். காலை வெயில் அதில் ஏறினால் அந்திவரை சூடு நிற்கும். சாரல் சன்னலில் அடிக்காதிருக்கப் பின்தாழ்வாரத்தை மூன்றடி நீட்டினார். சாய்ந்து வரும் காலை வெயிலை அது மறைக்காது என்று முன்கூட்டியே குச்சி நட்டுப் பார்த்திருந்தார்.

கடைசி அறை அவருக்கே கிடைத்தது. குடியேறிய பிறகு கம்பளி சன்னல் வெயிலிலும் சுவர்ச் சூட்டிலுமே காய்ந்ததால், நான்கு நாளில் தீர்ந்த ஒரு சுமை விறகு எட்டு நாள் வந்தது. இராக்கம்மாவின் இருமலும் தணிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. இவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் லயத்தின் பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடையதைத் தவிர பதினொரு சன்னல்களையும் மூடி, தாழ்வாரம் நெடுக விறகு அடுக்கியிருந்தது. பக்கத்து அறை ஜெயலெட்சுமி கடைசி வரிசையை ஏற்றிக்கொண்டிருந்தாள். வெயில் வரும் வழியை அடைக்கலாமா என்று கேட்டார்.

"சன்னலு நல்லாத்தான் இருக்கு பாஸ் அண்ணே. மழையில வெறக எங்க வைக்கிறது, ஒங்க தலையிலயா? நனையாத எடத்த நீங்கதானே கட்டிக் குடுத்தீங்க."

கட்டும்போது அவர் வெயிலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், துரையைப் போய்ப் பார்த்தார். விறகை எங்கே வைப்பீர்கள் என்று ஒரு பெண்ணிடமும் கேட்கவில்லை. விறகுக் கொட்டில் ஒன்று கேட்டு மறுபடி ஆபீசுக்கு நடந்தார். அது பிளானில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இனி மிஞ்சியது அவர் வீட்டுச் சன்னல் ஒன்றுதான். அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தபோது அதுவும் இருட்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியிடம் கத்தினார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம பெரகலயிலருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. பின்னால வெறகில்லாட்டிச் சோம்பேறிக் குடும்பம்னு போயிருவாங்க. ஒங்க சன்னலப் பாத்தா பொண்ணு எடுப்பாங்க?"

சொன்னபடி ஞாயிறன்று வந்தார்கள், தொப்பலாக நனைந்து. மாப்பிள்ளையின் தாய் முதல் வேலையாக லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு உள்ளே வந்தாள். நனைந்த கோட்டுகளை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டார்கள். விறகு எடுத்துவரப் போனவர் அழகர்தான்.

மேல்வரிசையில் நான்கு கட்டைகளை உருவியதும் சன்னலில் ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது. விறகு தீர்ந்தால்தான் சன்னல் திறக்கும்; சன்னல் திறந்திருந்தால் இத்தனை விறகு வேண்டியதில்லை. முடிச்சை எந்த நுனியில் அவிழ்ப்பது என்று தெரியாமல், கட்டைகளைச் சுமந்தபடி மழையில் நின்றார். உள்ளே இராக்கம்மா இருமும் சத்தம் கேட்டது.

"இன்னும் ரெண்டு கொண்டாங்க. அவங்க கோட்டு காயல."

கொண்டுபோய்க் கொடுத்தார்.

சம்பந்தம் முடிவானது. மறு ஞாயிறு இராக்கம்மா கயிறும் கத்தியும் எடுத்துக்கொண்டு மகளோடு மலையேறினாள், குறைந்துபோன வரிசையை நிரப்ப.