துள்ளிச் செத்த பாரையும் ஒரு சொட்டு டிஞ்சரும்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று அவசரம் வேறு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முந்தாநாள் திருப்புல்லாணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். நர்ஸம்மா டிஞ்சர் வைத்தார். எரிச்சலுக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. எழுபத்தெட்டாம் வருஷத்து வாசனை! அப்போது கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி கழுவி, மீன் வாங்கிவரும் வேலை எனக்கு. டிஞ்சரில் இருக்கும் அதே அயோடின், அங்கே புட்டி புட்டியாக. விரலெல்லாம் பழுப்பு. பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை பீடி குடிப்பாரோ?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வெட்கப்பட்டே அந்தச் சம்பந்தம் போனது. அது கிடக்கட்டும்.

மதுரையிலிருந்து வந்த சாந்தா மேடம் அங்கே மீன் சதையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சதை நாருக்குள் ஒரு நொதி உண்டாம். அது சர்க்கரையைக் கோத்துக் கிளைக்கோஜன் என்ற மாவாக்குமாம். அதைக் கண்ணால் காட்ட வேண்டும். உறைந்த சதையை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, இரண்டு கண்ணாடிச் சில்லுகளில் வைப்பார். ஒன்றுக்குச் சர்க்கரை மருந்து ஊட்டுவார், மற்றதற்கு இல்லை. பிறகு இரண்டிலும் அயோடின். ஊட்டியது மட்டும் கறுத்தால், மாவு அங்கேயே புதிதாக உண்டானது என்று அர்த்தம். நாலு மாதமாக இரண்டுமே கறுத்தன.

"சனிக்கிழமைக்குள்ள முடிவு வரலேன்னா இதை விட்டுட்டு வேற எடுக்கணும்னு மதுரையிலிருந்து எங்க புரொபஸர் சார் எழுதிட்டார்" என்றார் மேடம். கண் கலங்கியிருந்தது.

மீனில் நான் குறை வைக்கவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு வளர்த்த குடும்பம் எங்களுடையது. விரட்டிப் பிடித்த ஆட்டை அய்யா அன்றைக்கு அறுக்க விடமாட்டார். களைத்த ஆட்டுக் கறி நன்றாயிராது. மீனுக்கும் அதையே வைத்துக்கொண்டேன். பெரியபட்டினத்து மீன்காரர் நூகு அண்ணன், அந்த ஊர்ப் பேச்சில் காக்கா, கடலில் மீன் சிக்கும் கூடு போட்டிருப்பார். அதில் அமைதியாகக் கிடக்கும் மீனாக எடுத்து, துள்ளுமுன்னே மண்டையில் ஒரு குத்து.

"ஏலே, தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிட்டுக் குத்தேன்!" என்பார் காக்கா.

அந்தப் புதன்கிழமை காற்று. கூடு தூக்க முடியவில்லை. காக்காவின் தூண்டிலில் ஒரு பாரை மீன் மாட்டி, அரை மணி நேரம் இழுத்தது. படகுப் பலகையில் துள்ளித் துள்ளித் தானாகவே செத்தது.

"கூட்டு மீன்தானே?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்." கண் கலங்கி நின்றவரிடம் குறை மீன் என்று சொல்ல மனசு வரவில்லை.

மத்தியானம் உள்ளேயிருந்து கத்தல். "ஓடி வாங்க! நிறம் போயிடும், ஓடி வாங்க!"

நுண்ணோக்கியில் அன்றுதான் முதன்முதலாகக் கண் வைத்தேன். ஊட்டாத சில்லு வெளிறிய மஞ்சள். ஊட்டியதில், குறுக்கே வெட்டிய நார்கள் தேன்கூடு போல, கண் கண்ணாகக் கருநீலம்! நானும் கத்தினேனாம்.

"இன்னைக்கு மட்டும் எப்படி?" மேடம் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மருந்து அதேதான், சூடு அதேதான். சொல்லாவிட்டால் நாளைக்கும் பழையபடி கூட்டு மீன்; சனிக்கிழமை வந்துவிடும்.

"தூண்டில் மீன் மேடம். துள்ளித் துள்ளிச் செத்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "துள்ளினதுல பழைய மாவு பூரா செலவாயிருக்கு! நாலு மாசமா அந்த மாவையும் சேத்துப் பத்திரமாக் கொண்டாந்திருக்கீங்க!"

மறுநாள் காக்காவிடம், "நல்லாத் துள்ள விடுங்க" என்றேன். "ஏலே, நேத்துவரைக்கும் தாலாட்டுனது நீதானா?" என்றார். அன்றும் நிறம் வந்தது. சனிக்கிழமை சார் மதுரையிலிருந்து வந்து பார்த்துத் தலையாட்டினார்.

ஊருக்குப் போகும்போது மேடம் கறுத்த சில்லு ஒன்றைத் தாளில் சுற்றித் தந்தார். "நிறம் போயிடும். ஒரு சொட்டு விட்டா திரும்ப வரும்." இத்தனை வருஷம் விடவில்லை. வராமல் போனால் என்ற பயம். அந்தக் கட்டடம் இன்று இல்லை, காக்கா இல்லை, மேடம் எங்கே என்று தெரியாது.

நர்ஸம்மாவிடம் கேட்டுக் கொஞ்சம் டிஞ்சர் வாங்கி வந்தேன். இதை எழுத உட்காருமுன் ஒரு சொட்டு விட்டுக் கழுவினேன். நகத்தளவு சதை, கறுத்துவிட்டது! வெறுங்கண்ணுக்கே தெரிகிறது! நிறம் போகுமுன் எழுதி முடிக்க வேண்டும், அதுதான் அவசரம். இப்போது ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

12.8.2009, புதன்கிழமை.